அம்மாவோட சேவைக்கால பணம் எட்டு மாசமா வரல, லோயர் புடிக்கணுமா?

கொழுந்துக்கூடை:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்புல ஒரு கடையில வேலை, ஊரு பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டம், பேர் வேணாம். எங்க அம்மா 1991 ஆனி மாசம் செக்ரோல்ல (தோட்டத்து வேலையாள் பதிவுல) பேர் பதிஞ்சவங்க, 2025 மார்ச்ல முழங்கால் முடியாம நின்னுட்டாங்க, வயசு 53. நின்னு எட்டு மாசம் ஆச்சு, இன்னும் சேவைக்கால பணம் ஒரு சதம் கூட வரல. ஒபிஸ்ல கேட்டா இந்த மாசம் அடுத்த மாசம்ங்கிறாங்க, போன வாரம் கிளாக்கர் ஐயா புதுசா ஒண்ணு சொல்றாரு, லயத்து காம்பராவ (தோட்டம் குடுத்த வீட்ட) விட்டுக் குடுத்தாதான் காசு ரிலீஸ் ஆகுமாம். அந்த காம்பராவுல தம்பியும் இருக்கான், எங்க போறது?

இது பத்தாதுன்னு ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசையும் எடுக்க முடியல. அடையாள அட்டையில அம்மா பேரு சிவகாமியம்மா, பீ காட்ல (ஈபிஎப் அங்கத்தவர் அட்டை) வெறும் சிவகாமி, அப்பா பேரோட முதல் எழுத்தும் வேற. ரெண்டு ஆளாட்டம் இருக்கு.

லோயர் வச்சா அவருக்கே பாதி போயிரும்னு பக்கத்து வீட்டுல பயமுறுத்துறாங்க. யூனியன் தலைவர்கிட்ட சொன்னா பேசுறேன் பேசுறேன்னுதான் சொல்றாரு. லோயர்கிட்ட போகணுமா, இல்ல நாங்களே எதாவது செய்யலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மலைநாட்டு_மாமா:

தலைவர மாத்தி யூனியன மாத்துங்க, சந்தா மட்டும் மாசா மாசம் ஒழுங்கா வெட்டுறாங்கல்ல. வேற என்னா சொல்ல.

லிந்துலை அக்கா:

தங்கச்சி (தம்பியா இருந்தா மன்னிச்சிருங்க), எங்க அம்மாவுக்கும் இதே கதைதான், அதுனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல சேவைக்கால பணம். அது கம்பெனி பாத்து குடுக்குற சந்தோசம் இல்ல. 1983ஆம் வருசத்து 12ஆம் இலக்க பணிக்கொடை சட்டத்துல வருது. 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற எடத்துல அஞ்சு வருசம் முழுசா செஞ்சிருந்தா, வேலைய விட்டு 30 நாளைக்குள்ள குடுத்தாகணும். நாட்சம்பளக்காரங்களுக்கு ஒவ்வொரு முழு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியா வாங்கின சம்பள கணக்குல. உங்க அம்மா நின்னப்ப நாள் சம்பளம் 1350 ரூவாதானே, அப்போ ஒரு வருசத்துக்கு 18,900. 1991 ஆனியில இருந்து 2025 மார்ச் வரைக்கும் முழு வருசம் 33 வருது, பெருக்கினா 6,23,700 ரூவா. இந்த நம்பர ஒரு கடுதாசியில எழுதி வச்சுக்கங்க, ஒபிஸ்ல சொல்ற கணக்கோட ஒட்டிப் பாக்கணும். எங்க அம்மாவுக்கு தோட்டம் கம்பெனிக்கு மாறுன 1992ல இருந்துதான் போட்டிருந்தாங்க, அதுக்கு முன்னாடி செஞ்சது என்னாச்சுன்னு கேட்டா ஃபைல் இல்லன்னாங்க, அம்மா பழைய பீ காட்ட ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள பிளாஸ்டிக் கவர்ல சுத்தி அரிசி மூட்டைக்கு பின்னாடி வச்சிருந்தாங்க, அத காட்டுனதும்தான் கணக்கு மாறிச்சு. உங்க அம்மாகிட்டயும் அப்படி ஒரு டின் இருக்கும், கேட்டு பாருங்க.

பிந்துனா பிந்துனதுக்கும் சேத்து கட்டணும், எவ்ளோ நாள் இழுக்குறாங்களோ அதப்பொறுத்து 10 வீதத்துல இருந்து 30 வீதம் வரைக்கும் மேலதிகமா. இத ஒபிஸ்ல யாரும் தானா சொல்ல மாட்டாங்க.

இதுக்கு லோயர் வேணாம். ஹட்டன் லேபர் ஒபிஸ்ல எழுத்துல முறைப்பாடு குடுங்க. அவங்க ரெண்டு பக்கமும் கூப்பிட்டு விசாரிப்பாங்க, கம்பெனி அப்பவும் கட்டலன்னா ஆணையாளரே சான்றிதழ் போட்டு மஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு அனுப்பிருவாரு, அங்க அது தண்டப்பணம் அறவிடுற மாதிரி அறவிடப்படும். எல்லாம் திணைக்களம் செய்யிற வேலை, உங்க செலவு பஸ் காசும் போட்டோகொப்பியும்தான். ஆனா ஒரே தடவையில முடியும்னு போகாதீங்க. நாங்க நாலு தடவை ஏறி எறங்குனோம், ரெண்டு தடவை தோட்டத்துல இருந்து யாருமே வரல.

ஈபிஎப் பேரு பிரச்சினை நம்ம ஆளுங்களுக்கு பாதிப் பேருக்கு இருக்கு. அந்த காலத்துல பேர் பதியுறப்ப கணக்கப்பிள்ளை காதுல என்னா விழுந்துச்சோ அதுதான் பேரு. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு ஜேபி (சமாதான நீதவான்) முன்னாடி சத்தியக்கடதாசி முடிங்க, தோட்டத்து ஒபிஸ்லயும் ஒரே ஆள்னு கடிதம் கேளுங்க, பிறப்பு சான்றிதழ் கல்யாண சான்றிதழ் எல்லாம் சேத்து ஈபிஎப் காசு கேக்குற கே பாரத்தோட லேபர் ஒபிஸ்ல குடுங்க. பொம்பளைங்களுக்கு 50 வயசு ஆனா எடுக்கலாம், உங்க அம்மாவுக்கு வயசு பிரச்சினை இல்ல. ஒரு விசயம், கைரேகை எடுப்பாங்க. எங்க அம்மாவுக்கு கொழுந்து கிள்ளி கிள்ளி பெருவிரல்ல கோடே இல்ல, மெஷின் எடுக்கவே மாட்டேன்னுச்சு. மொத நாள் ராத்திரி தேங்காண்ணெய் தடவிட்டு காலையில நல்லா கழுவிட்டு கூட்டிட்டு போங்க, அப்படித்தான் எங்களுக்கு சரிவந்துச்சு.

ஆ, ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) மறந்துறாதீங்க. அது வேற நிதி, கம்பெனி 3 வீதம் போட்டிருக்கும், தனியா அப்ளை பண்ணணும். நிறைய பேர் ஈபிஎப் வந்ததும் எல்லாம் வந்துருச்சுன்னு விட்டுர்றாங்க.

கொழுந்துக்கூடை:

அக்கா கோடி புண்ணியம் (தங்கச்சிதான்). ராத்திரி அம்மாகிட்ட போன்ல வாசிச்சு காட்டுனேன், டின் இருக்காம்! ஆனா இன்னொண்ணு இப்பதான் சொல்றாங்க. கிளாக்கர் போன வாரமே ஒரு பேப்பர் குடுத்து கையெழுத்து போட்டு கொண்டாங்கன்னு சொல்லியிருக்காரு. முழுசா சிங்களத்துல இருக்கு. தம்பிய போட்டோ எடுத்து அனுப்ப சொன்னேன், கடையில கூட வேலை செய்யிற ஒரு சிங்களத் தம்பி வாசிச்சு சொன்னாரு, எல்லா கொடுப்பனவும் முழுசா கெடச்சுது, இனி ஒரு உரிமையும் கோர மாட்டேன், வீட்டையும் ஒப்படைக்கிறேன்னு இருக்காம். தொகை எழுதுற எடத்துல வெறும் புள்ளி புள்ளியா கோடு, நம்பர் இல்ல. அம்மா போட போறேன்னு நிக்கிறாங்க, தொரை (தோட்டத்து மேனேஜர்) கோவிச்சுக்குவாருன்னு பயம்.

பழைய_கிளாக்:

இந்த எடத்துலதான் லோயர் வேணும். நான் ஒரு சட்டத்தரணிகிட்ட 11 வருசம் கிளாக்கா இருந்தவன், இப்ப இல்ல, அதுனால எனக்கு இதுல யாவாரம் ஒண்ணும் கெடையாது.

அம்மாவ கையெழுத்து போட வேணாம்னு இன்னைக்கே சொல்லுங்க. தொகை இல்லாத பேப்பர்ல கையெழுத்து போட்டா அந்த புள்ளிக் கோட்டுல நாளைக்கு எவன் என்ன நம்பர் எழுதுவான்னு யாருக்கு தெரியும். கை விழுந்த பேப்பர பின்னாடி கோர்ட்டுல புரியாம போட்டேன்னு சொல்லி ஒடைக்கிறது லேசுபட்ட வேலை இல்ல, போடாம இருக்கிறதுக்கு ஒரு செலவும் இல்ல. தமிழ்ல ஒரு பிரதி தாங்க, மகள் வந்து பாத்துட்டு சொல்லுவான்னு மரியாதையா சொல்லச் சொல்லுங்க, சண்டை வேணாம். பேப்பர திருப்பிக் குடுக்காதீங்க, வீட்டுலயே இருக்கட்டும்.

காம்பரா விசயமும் சேவைக்கால பணமும் ரெண்டு வேற. அந்த சட்டத்துல பணத்த வெட்டுறதுக்கு எடம் இருக்கிறது மோசடி, கையாடல், தோட்டத்து சொத்துக்கு வேணும்னே சேதம், இல்ல பொருள் நட்டம் பண்ணி வேலையால நிப்பாட்டுன ஆளுக்குத்தான், அதுவும் அந்த நட்டத்து அளவுக்கு மட்டும். வீடு விடலன்னு நிப்பாட்டி வைக்க அதுல எடம் இல்ல. ஆனா வீட்டு உரிமை எப்படின்றது தனிக் கதை, வீடு தோட்டத்தோடது, தம்பி அங்க வேலை செய்யிறானா இல்லையா, யாரு பேர்ல வீடு இருக்கு, இதெல்லாம் பாக்கணும், அத இங்க நாங்க அடிச்சு சொல்ல முடியாது. அவங்களும் கோர்ட் ஓடர் இல்லாம சாமான தூக்கி வெளிய போட முடியாது. ஒருவேளை வீட்ட விடச் சொல்லி நோட்டீஸோ மஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல இருந்து அழைப்பாணையோ வந்தா, லீவு கெடைக்கலன்னு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வச்சிருக்காதீங்க, அன்னைக்கே ஒரு லோயர்கிட்ட ஓடுங்க.

காசு பயம் இருந்தா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, 1978ல சட்டம் போட்டு அமைச்சது, ஹட்டன் நுவரெலியா மாதிரி கோர்ட் இருக்கிற டவுன்கள்ல ஒபிஸ் இருக்கு. வருமானம் குறைஞ்சவங்களுக்கு காசில்லாம ஆலோசனையும் குடுப்பாங்க, தேவைப்பட்டா கேஸும் பேசுவாங்க. கோர்ட் வாசல்ல, அண்ணே நல்ல லோயர் காட்டுறேன்னு கைய புடிச்சு இழுக்குற ஆளுங்க பின்னாடி மட்டும் போயிறாதீங்க. தனியா லோயர் வச்சா காசுக்கு ரிசிட் கேளுங்க, கேக்குறதுல வெக்கம் என்னா. ப்ரொக்ஸில (லோயருக்கு கேஸ் பேச அதிகாரம் குடுக்குற பேப்பர்) கையெழுத்து போட முன்னாடி நல்லா யோசிங்க, சிவில் கேஸ்ல ஒருக்கா போட்டுட்டா நடுவுல ஆள மாத்த கோர்ட் அனுமதி எடுக்கணும்.

மஸ்கெலியா_பொடியன்:

தலைவர் பேசுறேன் பேசுறேன்னு சொன்னாருன்னு எழுதியிருக்கீங்க, அத வாசிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. எங்க பெரியப்பா மகன ஒரு நாள் காலையில பெரட்டுல (வேலை பிரிச்சுக் குடுக்குற எடம்) வச்சே நாளையில இருந்து வராதன்னுட்டாங்க. அவரு யூனியன்கிட்ட போனாரு, பேசிக்கிட்டிருக்கோம்னாங்க, தீபாவளி வந்துச்சு, தைப்பொங்கல் வந்துச்சு, பேசிக்கிட்டேதான் இருந்தாங்க. கடைசியில யாரோ சொல்லி தொழில் நியாய சபைக்கு போனா, வேலையால நிப்பாட்டுன நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போட்டிருக்கணுமாம், ஏழு மாசம் ஆயிருச்சு. யூனியனே போட்டிருக்கலாம், போடல. உங்க அம்மாவுக்கு அந்த சிக்கல் இல்ல, ஆனா வேலைய விட்டு தொரத்துன யாராச்சும் இத வாசிச்சா மொதல்ல கலண்டர பாருங்க.

பதுளை_சேகு:

சந்தடி சாக்குல என் கேள்வியும். நான் பசறை பக்கம் 10 பேர்ச் காணி ஒருத்தர்கிட்ட வாங்கினேன், முத்திரை பேப்பர்ல எழுதி ஜேபி சீல் குத்தி கையெழுத்தும் வாங்கிட்டேன், ரெண்டு லச்சம் கையில குடுத்தாச்சு. இப்ப பேங்க்ல லோனுக்கு போனா இது உறுதிப் பத்திரமே இல்லங்கிறாங்க???

பழைய_கிளாக்:

தம்பி, பேங்க்காரன் சொல்றது சரி. காணி கை மாறணும்னா நொத்தாரிசு முன்னாடி, ரெண்டு சாட்சியோட உறுதி எழுதணும், 1840ஆம் வருசத்து 7ஆம் இலக்க சட்டத்துல இருந்து அதுதான் முறை, பெறகு காணிப் பதிவகத்துல பதியணும். ஜேபி சீல் எத்தனை குத்தினாலும் காணி உங்க பேருக்கு வராது. வித்தவர் இன்னும் நல்ல மனசோட இருந்தா உடனே ஒரு நொத்தாரிசுகிட்ட கூட்டிட்டு போங்க, அதுக்கு முன்னாடி அந்த காணி உண்மையிலயே அவருதா, அடகுல இருக்கான்னு பதிவகத்துல பதிவ தேடிப் பாக்க சொல்லுங்க. அரச காணின்னு வந்தா கதையே வேற. வித்தவரு இழுத்தடிச்சா லோயர், யோசிக்கவே வேணாம்.

பதுளை_சேகு:

வித்தவரு போன் எடுக்குறாரு இல்ல. சரி நாளைக்கே போறேன்.

லிந்துலை அக்கா:

எல்லாத்துக்கும் கோர்ட்டுன்னும் நெனைச்சுறாதீங்க. எங்க லயத்துல பக்கத்து வீட்டு மாடு எங்க போஞ்சி பாத்திய மேஞ்சது பொலிஸ் வரைக்கும் போச்சு, கடைசியா மத்தியஸ்த சபையில, பள்ளிக்கூட வகுப்பறையில சின்ன பிள்ளைங்க பெஞ்சுல முட்டி இடிக்க உக்காந்து பேசி முடிச்சோம், 4000 ரூவா. அங்க லோயருங்க வந்து பேச முடியாது, அதுவே ஒரு நிம்மதி. இப்ப அந்த மாட்டுப் பாலுதான் வாங்குறோம்.

மலைநாட்டு_மாமா:

பால்ல தண்ணி கலந்தா அதுக்கும் அங்கதான் போகணும்.

கொழுந்துக்கூடை:

எல்லாருக்கும் நன்றி. வர்ற புதன்கிழமைக்கு லீவு கேட்டு முதலாளி முனகிக்கிட்டே தந்துட்டாரு. செவ்வா ராத்திரி பஸ்ல ஹட்டன் வந்துருவேன், அம்மா நோர்வுட் வழியா மொத பஸ்ல வருவாங்க. காலையில லேபர் ஒபிஸ், அது முடிய சட்ட உதவி ஒபிஸ்ல அந்த பேப்பர காட்டுறது. கையெழுத்து போடலன்னு அம்மா சத்தியம் பண்ணிட்டாங்க, பேப்பரையும் மடிச்சு டின்னுக்குள்ளயே போட்டாச்சாம். இன்னைக்கு கிளாக்கர் திருப்பி கேட்டிருக்காரு, மகள் வரட்டும்னு சொன்னேன்னு அம்மா சொல்றப்ப அவங்க குரலே வேற மாதிரி இருந்துச்சு, 33 வருசத்துல ஒபிஸ் ஜன்னல் முன்னாடி நின்னு அவங்க மறுத்துப் பேசுனது இதுதான் மொத தடவையாம்.

அக்கா, தேங்காண்ணெய் ரெண்டு கைக்குமா, பெருவிரலுக்கு மட்டுமா?

லிந்துலை அக்கா:

ரெண்டு கைக்கும். எந்த விரல் கேப்பாங்கன்னு சொல்ல முடியாது. பீ காட்ட ரெண்டு கொப்பி எடுத்துக்கங்க, ஒரிஜினல யார் கேட்டாலும் காட்டிட்டு திருப்பி வாங்கிருங்க.