பார்ட்டியில் ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை: டி.எம்.களின் அனுபவப் பகிர்வு

ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலோ (டி அண்ட் டி) வேறு ஃபேன்டஸி ஆட்டத்திலோ, பார்ட்டியில், அதாவது சேர்ந்து சாகசம் போகும் குழுவில், பிரபு குலத்துக் கேரக்டர் ஒருவர் இருந்தபோது மேசையில் என்ன நடந்தது, எதைச் செய்தபின் சரியானது என்பதை ஆட்டத்தை நடத்தும் டி.எம்.கள் (டன்ஜன் மாஸ்டர்) எழுதுங்கள். விதி, எண், விலையோடு எழுதினால் அடுத்தவருக்கு உதவும்.

டி.எம்., ஐந்தாம் பதிப்பு

2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் விதிநூலில் நோபிள் பேக்கிரவுண்டை, அதாவது பிரபு குலப் பின்னணியை, பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஹிஸ்டரி, பெர்சுவேஷன் (பேசி இணங்க வைப்பது) என்று இரண்டு திறன், ஒரு மொழி, சீட்டுக்கட்டு மாதிரி ஒரு விளையாட்டுப் பொருள், நல்ல உடுப்பு, முத்திரை மோதிரம், வம்சாவளிச் சுருள், 25 பொற்காசு. தெருவில் வளர்ந்த அர்ச்சினுக்கு 10 காசு. 15 காசு வித்தியாசத்தில் எந்த ஆட்டமும் கெடாது. “எங்க அப்பாவுக்கு ஒரு கடிதம் போடுறேன்” என்று பிளேயர் சொல்லும்போதுதான் கெட ஆரம்பிக்கிறது.

அந்தக் கடிதத்துக்குப் பதிலாக முதல் லெவலிலேயே பிளேட் கவசம் வந்துவிட்டது என்று வையுங்கள். விலை 1,500. செயின் மெயிலும் கேடயமும் போட்ட ஃபைட்டருக்கு (போர்வீரர்) ஏ.சி., அதாவது அடி பட எதிரி எட்ட வேண்டிய எண், 18. அதே ஆள் பிளேட் போட்டால் 20. கோப்ளின் என்ற குட்டி அரக்கனின் தாக்குதல் +4, அதாவது பகடையில் விழுவதோடு 4 கூட்ட வேண்டும். 18-ஐத் தொட டி20-யில் (இருபது பக்கப் பகடை) 14-ஓ மேலோ விழ வேண்டும், அதாவது 35 சதவீதம். 20 என்றால் 16 விழ வேண்டும், 25 சதவீதம். இதோடு நின்றால் தாங்கலாம். ஆனால் “இவன் மேல அடியே விழலையே” என்று டி.எம். எதிரிகளின் தாக்குதலை +7 ஆக்குவார். பிரபுவுக்கு இப்போது 40 சதவீதம், கிட்டத்தட்ட பழைய நிலை. பக்கத்தில் ஏ.சி. 12-ஓடு நிற்கும் விசார்டுக்கோ (மந்திரவாதி) 65 சதவீதம் 80 ஆகிவிடுகிறது. அவரிடம் இருப்பது ஏழெட்டு ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி), கோப்ளினின் ஓர் அடி சராசரியாக 5. இரண்டு அடியில் ஆள் கீழே. பிரபு வீட்டுப் பணத்துக்கு வட்டி கட்டுவது விசார்ட்.

அதனால் என் மேசையில் ஒரே கறார்: ஏ.சி., தாக்குதல், சேதம், மந்திரம் இந்த நான்கில் ஏறும் எதையும் வீடு தராது. மற்றதெல்லாம் தாராளமாகத் தரும். இரண்டு இரவு தங்க இடம், அறிமுகக் கடிதம், கப்பலில் இடம், திருப்பிக் கொடுக்க வேண்டிய நான்கு குதிரைகள். இவை பார்ட்டி முழுவதற்கும் பயன்படுவதால் பொறாமையும் வராது.

கணக்கு பார்க்கும் டி.எம்.

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். தருவதைக் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது, செலவையும் எழுத வேண்டும். அதே புத்தகத்தில் நாள் செலவு இருக்கிறது: சாதாரண வாழ்க்கைக்கு 1 பொற்காசு, வசதியான வாழ்க்கைக்கு 2, செல்வந்தருக்கு 4, பிரபுவுக்குக் குறைந்தது 10. முப்பது நாள் ஊரில் தங்கினால் பிரபுவுக்கு 300 காசு போகும். முக்கால்வாசி டி.எம்.கள் இந்தப் பட்டியலைத் திறப்பதே இல்லை. பெருமை இலவசமாகக் கிடைக்கிறதே என்ற மனத்தாங்கல் மற்ற பிளேயர்களுக்கு வருவது அதனால்தான்.

இதன் மேல் ஒரு வீட்டு விதி வைத்திருக்கிறோம். அந்த ஊரில் நாளுக்கு 10 காசு செலவழித்து வாழ்ந்தால் உள்ளூர்ப் பிரபுவைச் சந்திக்க வழிவிடும் நோபிளின் ‘பொசிஷன் ஆஃப் பிரிவிலேஜ்’ உரிமை முழுசாக வேலை செய்யும். 1 காசு சத்திரத்தில் படுத்துக்கொண்டு மோதிரத்தை நீட்டினால் வாசல்காரர் சுருளைக் கேட்பார், சரிபார்க்க ஒரு நாள் ஆகும். கதவு திறக்கும், ஆனால் நேரம் போகும். விதியில் கொடுத்த உரிமையை அடியோடு பிடுங்கக் கூடாது. பிளேயர் அதை நம்பித்தான் அந்தப் பேக்கிரவுண்டை எடுத்திருக்கிறார்.

“எங்க மாளிகையையே தலைமையகமா வச்சுக்கலாமா?” என்று கேட்டால் சரி என்று சொல்லிவிட்டு, டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் உள்ள பராமரிப்புப் பட்டியலைக் காட்டுங்கள். பண்ணையோடு கூடிய மாளிகைக்கு நாளுக்கு 10 காசு, 3 தேர்ந்த ஆட்கள், 15 கூலியாட்கள். சின்னக் கோட்டை என்றால் நாளுக்கு 100.

வசனக் காட்சி பிரியர்

எண்ணைவிடப் பெரிய சிக்கல் பேச்சில் வருகிறது. கோட்டைப் பிரபுவைப் பார்க்க வேண்டும் என்றதும் மேசையில் ஒருவர் மட்டும் பேசுவார், மற்ற மூன்று பேர் டைஸ் உருட்டி விளையாடிக்கொண்டிருப்பார்கள். சந்திப்பு கிடைக்கும் என்றுதான் விதி சொல்கிறது. கேட்டது கிடைக்கும் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் டி.எம்.முக்கு வேலை.

நான் நடத்தும் முறை: கதவு ரோல் இல்லாமல் திறக்கும். உள்ளே போனதும் பிரபு நலம் விசாரிப்பார், உட்காரச் சொல்வார், திராட்சை மது ஊற்றச் சொல்வார். பிறகு, “உங்க அண்ணன் போன அறுவடைக்கு அறுபது மூட்டை தர்றேன்னாரு. வண்டி இன்னும் வரலையே, தம்பி” என்பார். பிளேயர் படை கேட்க வந்திருந்தாலும் இனி வாய் வராது. பெர்சுவேஷனில் 20 விழுந்தாலும் மூட்டை பாக்கி பாக்கிதான். ரோல் எதைத் தீர்மானிக்கும் என்றால், பிரபு தவணை தருவாரா, இல்லை இன்றைக்கே எழுதி வாங்குவாரா என்பதை.

அதே நேரத்தில் பார்ட்டியின் ரோக் (திருட்டுத் தந்திரக்காரர்) சமையற்கட்டில் இருப்பார். கிளெரிக் (பூசாரி) கோட்டைக் கோயிலில். மூட்டை ஏன் வரவில்லை என்பது அங்கேதான் தெரியவரும். குலப்பெயர் சொன்னதும் வேலைக்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், அந்தச் செய்தி பிரபு குலத்தவருக்குக் கிடைக்கவே கூடாது. இரண்டு இடத்துக்கும் மாறி மாறி ஐந்து நிமிடம் வீதம் போங்கள்.

கர்ப்ஸ் ஆடுபவர்

எங்கள் ஆட்டத்தில் புள்ளி செலவழித்துத்தான் கேரக்டரை உருவாக்குவோம், இதெல்லாம் அந்தப் புள்ளிக் கணக்கிலேயே வந்துவிடும். கர்ப்ஸ் நான்காம் பதிப்பில் ஸ்டேட்டஸ் (சமூக அந்தஸ்து) ஒரு படிக்கு 5 புள்ளி, செல்வம் தனியாக வாங்க வேண்டும். அந்தஸ்துக்கேற்ற மாதச் செலவும் உண்டு. ஆகவே பட்டம் மட்டும் இருந்து காசில்லாத பிரபுவையும் உருவாக்கலாம், காசு மட்டும் உள்ள வணிகரையும் உருவாக்கலாம்.

டி அண்ட் டி மேசைக்கு நீங்கள் எடுத்துப்போக வேண்டியது ‘டியூட்டி’ (கடமை) என்னும் குறைபாட்டை. ஒவ்வொரு சாகசத்தின் தொடக்கத்திலும் மூன்று டி6 (ஆறு பக்கப் பகடை) உருட்டிக் கூட்டுங்கள். 9 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் வீட்டிலிருந்து அழைப்பு வரும். கிட்டத்தட்ட 37 சதவீதம், அதாவது மூன்று சாகசத்துக்கு ஒன்று என்ற அளவு. 12 என்று வைத்தால் 74 சதவீதம், எப்போது பார்த்தாலும் குடும்ப விவகாரமாகவே ஓடும், மற்றவர்களின் கதைக்கு இடமிருக்காது. ரோலை எல்லார் முன்னாலும் போடுங்கள். டி.எம். வேண்டுமென்றே மடக்குகிறார் என்ற பேச்சு எழாது.

டி.எம்., ஐந்தாம் பதிப்பு

இது அருமை, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அழைப்பு வந்த சாகசத்தில் பார்ட்டி முழுவதற்கும் கூலி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரின் கடமையை மற்ற நால்வரும் சும்மா சுமப்பதாகிவிடும்.

பெண்டிராகன் மேசையிலிருந்து

1985-இல் கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய பெண்டிராகனில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை, ஏனென்றால் எல்லாருமே வீரப்பிரபுக்கள். ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் ‘குளோரி’ என்னும் புகழ்ப் புள்ளியில்தான், அதையும் பெரும்பாலும் ஆடித்தான் சேர்க்க வேண்டும். ஆண்டு முடிவில் குளிர்காலக் கட்டத்தில் விளைச்சல், குதிரை, குழந்தைகள் எல்லாவற்றுக்கும் ரோல் உண்டு. உங்கள் பிளேயர்கள் சம்மதித்தால் ஒரே வீட்டைச் சுற்றிப் பார்ட்டியைக் கட்டுங்கள்: ஒருவர் மூன்றாவது பிள்ளை, ஒருவர் வளர்ப்புத் தம்பி, ஒருவர் வாள் கற்றுக்கொடுத்தவர், ஒருவர் குடும்ப குரு. பட்டத்துக்குரிய மூத்த பிள்ளையை யாரும் எடுக்க வேண்டாம். அவர் ஊர் ஊராகச் சுற்ற முடியாது, வீட்டில் இருந்தாக வேண்டும்.

கணக்கு பார்க்கும் டி.எம்.

பணியாட்கள் விஷயம் விட்டுப்போச்சு. ‘ரிட்டெய்னர்ஸ்’ மாற்று விதியில் மூன்று பேர் வருவார்கள். சண்டை போட மாட்டார்கள், ஆபத்தான இடத்துக்கு வர மாட்டார்கள். அடிக்கடி ஆபத்தில் தள்ளினால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆளுக்கு 4 ஹிட் பாயிண்ட்தான். பொறி இருக்கிறதா என்று பார்க்க அவர்களை முன்னால் அனுப்பும் பிளேயருக்கு இதை முதல் தடவையே வாசித்துக் காட்டுங்கள். ஆர்ஸ் மேஜிகா என்ற ஆட்டத்தில் மந்திரவாதியின் காவலாட்களை மேசையில் உள்ள எல்லாரும் மாற்றி மாற்றி ஆடுவார்கள். அதுபோல மூன்று பணியாட்களையும் மற்ற பிளேயர்களிடம் கொடுத்துவிடுங்கள். அரண்மனைக் காட்சியில் சும்மா இருக்கும் ஆளே இருக்காது.

2024 புத்தகத்தில் ஆடுகிறவர்கள் கவனிக்க: நோபிள் இப்போது ‘ஸ்கில்ட்’ என்னும் ஃபீட்டை (சிறப்புத் தகுதி) தருகிறது, ‘பொசிஷன் ஆஃப் பிரிவிலேஜ்’ கிடையாது. கதவு யாருக்குத் திறக்கும் என்பதை நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும். செஷன் ஜீரோவில், அதாவது ஆட்டம் தொடங்குமுன் கூடிப் பேசும் நாளில், பிளேயரிடம் மூன்று பெயர் வாங்கி வையுங்கள்: வீட்டுக்குக் கடன்பட்டவர் ஒருவர், வீடு கடன்பட்டவர் ஒருவர், வீட்டின் பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்துகிறவர் ஒருவர்.