ஸ்டைவசன்ட் பள்ளி: உள்ளே சென்று பார்த்ததும் கேட்டதும்

நியூயார்க்கில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளியின் பெயர் அடிபடாத வீடு குறைவு. என் மகள் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஆண்டில், பெற்றோர் வந்து பார்ப்பதற்கென ஒதுக்கிய நாளில், சேம்பர்ஸ் தெருவிலுள்ள அந்தப் பத்து மாடிக் கட்டடத்துக்குச் சென்றேன். ஆய்வகங்களைவிடவும் நீச்சல் குளத்தைவிடவும் என்னை நெடுநேரம் நிற்கவைத்தவை சுவர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிக்கப்பட்டிருந்த கண்ணாடிப் பேழைகளே. பள்ளி இக்கட்டடத்துக்குக் குடிபெயர்ந்த 1992இல், கிறிஸ்டின் ஜோன்ஸ், ஆண்ட்ரூ கின்செல் என்னும் இரு கலைஞர்கள் அமைத்த 400 பேழைகள் அவை. ஒன்றில் கங்கை நீர், ஒன்றில் நைல் நதி நீர், வேறொன்றில் போதி மரத்தின் இலைகள், இன்னொன்றில் பள்ளியின் பழைய கட்டடத்துத் துண்டு. கடந்துபோன 88 ஆண்டுகளுக்கு 88 பேழைகள் இருக்கின்றன. மேலும் பல வெறுமையாக விடப்பட்டு, 2080 வரை படித்து வெளியேறும் ஒவ்வோர் அணியும் தனக்குரியதை நிரப்பும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தான் இருக்கும் என்று ஒரு பள்ளி இவ்வளவு உறுதியாக நம்புவது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது.

அன்று எங்களுடன் நடந்து வந்த முதியவர் ஒருவர், கிழக்கு 15ஆம் தெருவிலிருந்த பழைய கட்டடத்தில் படித்தவர். 1904இல் பையன்களுக்கான கைத்தொழில் பயிற்சிப் பள்ளியாகத்தான் இது தொடங்கியது என்றும், கூட்டம் தாங்காமல் 1919இல் காலை, பிற்பகல் என இரண்டு ஷிப்டுகளாக வகுப்புகளை நடத்தி, மதிப்பெண் பார்த்து மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள் என்றும் அவர் விளக்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உதவியுடன் நுழைவுத் தேர்வு வந்தது 1934இல். அதாவது, இன்று வீட்டுக்கு வீடு கோச்சிங் வகுப்புகளுக்குக் காரணமான அத்தேர்வு, பள்ளி பிறந்து முப்பது ஆண்டுகள் கழித்து, இடநெருக்கடியின் தொடர்ச்சியாகவே வந்திருக்கிறது. ஜோசுவா லெடர்பெர்க், ரோவல்ட் ஹாஃப்மன் முதலிய நோபல் பரிசாளர்களின் பெயர்களையும் அவர் பெருமையோடு சொன்னார். ஆனால் தம் வகுப்பில் ஒரு பெண்கூட இல்லை என்பதைத்தான் இரண்டு முறை சொன்னார்.

அந்த நிலை மாறிய கதை பலருக்குத் தெரிந்திருக்காது. ஆலிஸ் டி ரிவேரா என்ற 13 வயது புரூக்ளின் மாணவி, பெண் என்பதால் தேர்வெழுத விண்ணப்பிக்கவே இயலாத நிலையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன்பே கல்வி வாரியம் இறங்கிவந்தது. 1969 இலையுதிர்காலத்தில் முதல் சில மாணவியர் சேர்ந்தனர். குடும்பம் நகரத்தைவிட்டுச் சென்றுவிட்டதால், வழக்காடிய ஆலிஸ் மட்டும் அங்கே படிக்கவில்லை.

* * *

அண்ணா, ஸ்டைவசன்ட் பற்றிய உங்கள் மேற்கண்ட கட்டுரையைப் படித்தேன். அதில் நீங்கள் ஷிப்டைப் பற்றி எழுதியதால், அப்பள்ளியின் முன்னாள் மாணவியான நானும் எழுதுகிறேன். 2001 செப்டம்பரில் நான் அங்கே பத்தாம் வகுப்பு. உலக வர்த்தக மையம் பள்ளியிலிருந்து சில தெருக்கள் தள்ளித்தான் இருந்தது. எங்களை வெளியேற்றி, நெடுஞ்சாலையோரமாக வடக்கு நோக்கி நடக்கச் சொன்னார்கள். பின்னால் எழுந்த புழுதியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தோம். அதன்பின் பள்ளிக் கட்டடம் மீட்புப் பணியாளர்களின் தளமாயிற்று. நாங்கள் புரூக்ளின் டெக் பள்ளிக்குப் போனோம்: அவர்களுடைய வகுப்புகள் காலையில், எங்களுடையவை பிற்பகலில். அக்டோபர் 9 அன்று திரும்பி வந்தபோது, இடிபாடுகளைப் படகுகளில் ஏற்றும் இடம் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்தது. சன்னலைத் திறக்க என் அம்மா விடவே மாட்டார் என்பதால், அவர் பள்ளிக்கு வராததே நல்லது என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது.

தேர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேர்வு மதிப்பெண் ஒன்றே சேர்க்கைக்கு அடிப்படை என்பது 1971இல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய ஹெக்ட்–கலாண்ட்ரா சட்டத்தால் நிலைபெற்றது; ஆகவே நகர மேயர் நினைத்தாலும் அதைத் தனியே மாற்ற முடியாது. 2018இல் மேயர் டி பிளாசியோ அத்தேர்வை நீக்க முன்வந்தபோது எதிர்த்தவர்களில் ஆசியப் பெற்றோர் ஏராளம். எங்கள் வீட்டிலும் அதே கருத்துத்தான். ஆயினும், மறுஆண்டு 895 இடங்களில் 7 மட்டுமே கறுப்பின மாணவர்களுக்குக் கிடைத்தன என்று வாசித்த அன்று, அந்தத் தேர்வில் தேறியவள் என்ற முறையில் எனக்கு அது எளிதாகச் செரிக்கவில்லை. மிக ஏழ்மையான குடும்பத்துப் பிள்ளைகள் கட்-ஆஃப் மதிப்பெண்ணைச் சற்றே தவறவிட்டால், கோடைகாலப் பாடத்திட்டத்தின் வழியாகச் சேர்க்கும் ‘டிஸ்கவரி’ என்ற ஏற்பாட்டுக்கு அதே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதைப் பற்றி நம்மவர் கூட்டங்களில் எவரும் பேசி நான் கேட்டதில்லை.