நிழல் கூரைத் துணி கிழிந்திருக்கிறது, எந்தப் பசையும் நிற்கவில்லை, அவசரம்

வெயில்முற்றம்:
வணக்கம். வெளியே போட்டிருக்கும் நிழல் கூரையில் துணி கிழிந்துவிட்டது. கடையில் நல்ல பசை என்று கொடுத்ததை வாங்கி ஒட்டுப் போட்டேன், மறுநாளே உரிந்து தொங்குகிறது. வேறு பசை போட்டும் அதே கதைதான். வார இறுதியில் ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் சரியாக வேண்டும். எந்தப் பசை நிற்கும் என்று மட்டும் சொன்னால் போதும். நன்றி.

கோணிஊசி:
என்ன துணி?

நாலுமூலை:
என்ன துணி, எவ்வளவு நீளக் கிழிசல், நடுவிலா ஓரத்திலா, கீழே இரும்புக் குழாய் இருக்கிறதா, கயிற்றில் இழுத்துக் கட்டியதா? ஒரு படம் போடுங்கள். அப்புறம், கிழிந்த இடத்தில் மழைநீர் தேங்குமா? எனக்கென்னவோ தேங்குகிறது என்றுதான் தோன்றுகிறது.

சூடுகாற்று:
பசையை விடுங்கள். ஹீட் கன், அதாவது சூடான காற்றை ஊதும் கருவி, இருக்கிறதா? ஒட்டுத் துணியை மேலே வைத்து, இரண்டுக்கும் நடுவே சூட்டைக் காட்டிக்கொண்டே சின்ன ரோலரால் அழுத்திக்கொண்டு வந்தால் இரண்டும் இளகி ஒன்றாகிவிடும். லாரிக்கு மேலே போடுகிற துணியெல்லாம் இப்படித்தான் ஒட்டுகிறார்கள். நான் எல்லாக் கிழிசலுக்கும் இதைத்தான் செய்கிறேன், ஒன்றுகூட விட்டதில்லை.

பட்டறைவாசி:
லாரிக்குப் போடுவது பிவிசி பூசிய பாலியஸ்டர். இவர் துணி எது என்றே இன்னும் சொல்லவில்லை, அதற்குள் கையில் ஹீட் கன்னைக் கொடுத்தாயிற்று. பாலிஎத்திலீனாக இருந்தால் 130 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும். அந்த ஹீட் கன் முனையில் வரும் காற்று 400 டிகிரியைத் தாண்டும். கைக்குட்டை அளவு கிழிசல் போர்வை அளவு ஓட்டையாகும், அவ்வளவுதான். கேட்பவர்களும் சரி, பதில் சொல்பவர்களும் சரி, இங்கே பழைய இழைகளை யாரும் படிப்பதே இல்லை. இதே கேள்விக்கு நானே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

மேகலை_மாடி:
சார், எழுதியதன் இணைப்பையாவது கொடுத்தால் அவர் படித்துக்கொள்வார்.

பட்டறைவாசி:
தேடினால் கிடைக்கும்.

வெயில்முற்றம்:
பச்சைக் கலர். கிட்டப் போய்ப் பார்த்தால் கட்டம் கட்டமாக வலை மாதிரி தெரியும், ஆனால் மழை உள்ளே வராது. கிழிசல் மூலைக்குப் பக்கத்தில், ஒரு முழம் இருக்கும். போட்டு சில வருஷம் ஆகிறது. படம் ஏறமாட்டேன் என்கிறது. பசை பெயர் சொல்லுங்களேன்.

சூடுகாற்று:
மழை உள்ளே வராது என்றால் பிவிசிதான். நான் சொன்னது சரியாகப் போயிற்று. ஹீட் கன்.

கோணிஊசி:
அவசரப்படாதீர்கள். மழை வராது என்பதால் பின்னிய நிழல்வலை இல்லை என்பது மட்டும்தான் தெரிகிறது. கட்டம் தெரிகிற, மழை புகாத துணியில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, பாலியஸ்டர் நெசவின் இரண்டு பக்கமும் பிவிசி பூசியது, கையில் எடுத்தால் கனமாக, ரப்பர் மாதிரி வளையும். இன்னொன்று, பாலிஎத்திலீன் பட்டைகளை நெய்து மேலே அதே பாலிஎத்திலீன் படலம் ஏற்றிய சாதாரண தார்ப்பாய், லேசாக இருக்கும், கசக்கினால் சரசரவென்று சத்தம் வரும். முதலாவது பசைக்குப் பிடிகொடுக்கும், இரண்டாவது கொடுக்காது.

வெயில்முற்றம், இப்படிச் செய்யுங்கள். கிழிசல் ஓரத்தில் பிசிறு தொங்குமே, அதில் நகம் அளவு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். துண்டைத் தண்ணீருக்குள் வைத்தே இரண்டு விரலால் நன்றாகக் கசக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழெல்லாம் போனபிறகு கையை விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிஎத்திலீன். அடியில் போய் உட்கார்ந்தால் பிவிசியோ பாலியஸ்டரோ. பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசு, மற்ற இரண்டும் கனம். குமிழை விட்டுவிட்டால் எல்லாமே மிதக்கும், அதனால் அந்தக் கசக்கல் முக்கியம்.

தூண்டில்நரம்பு:
கிண்ணமெல்லாம் எதற்கு? ஒரு துண்டை நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடப் போகிறது. மெழுகுவர்த்தி அணைத்த வாசம் வந்து சொட்டுச் சொட்டாக ஒழுகினால் பாலிஎத்திலீன். நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்து மூக்கை எரித்தால் பிவிசி.

பட்டறைவாசி:
அந்த மூக்கெரிச்சல் ஹைட்ரஜன் குளோரைடு வாயு. ஈரம் பட்டால் அமிலம். கூரைக்கு அடியில் நின்று இதைச் செய்யச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. கோணிஊசி சொன்ன தண்ணீர்ச் சோதனையே போதும், அதையும் நான் முன்பே எழுதியிருக்கிறேன்.

நாலுமூலை:
துணி எதுவாகவும் இருக்கட்டும், ஏன் கிழிந்தது என்று யாருமே கேட்கவில்லை. மூலைக்குப் பக்கத்தில் கிழிகிறது என்றால் இரண்டு காரணம்தான். கயிறு தளர்ந்து காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்து, குழாய் முனையிலோ போல்ட் தலையிலோ தேய்ந்திருக்க வேண்டும். இல்லை, தளர்ந்த இடத்தில் குழி விழுந்து தண்ணீர் தேங்கியிருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 10 செ.மீ. தண்ணீர் நின்றாலே 100 கிலோ. அதை எந்தத் துணி தாங்கும்? நாலு மூலையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? எதிரெதிர் மூலைகளில் ஒரு ஜோடியை உயர்த்தி, ஒரு ஜோடியைத் தாழ்த்திக் கட்டினால் தண்ணீரும் நிற்காது, காற்றிலும் அடித்துக்கொள்ளாது. இதைச் செய்யாமல் ஒட்டுப் போட்டால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த கிழிசல்.

மேகலை_மாடி:
இவர் சொல்வது எங்கள் மாடியில் நடந்ததுதான். ஒட்டு அப்படியே உறுதியாக இருந்தது, அதன் ஓரத்தோடு கத்தியால் அறுத்த மாதிரி துணி போயிற்று. போல்ட் தலையில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிய பிறகுதான் நின்றது.

வெயில்முற்றம்:
மிதந்தது. அப்படியென்றால் எந்தப் பசை?

கோணிஊசி:
எந்தப் பசையும் இல்லை. பிவிசிக்கான பசையில் இருக்கும் கரைப்பான் துணியின் மேல்பூச்சையே கொஞ்சம் இளக்கி ஒட்டவைக்கிறது. பாலிஎத்திலீனை அந்தக் கரைப்பான் தொடவே தொடாது, பசை காய்ந்து அப்பளம் மாதிரி உரிந்துவிடும். சிலிக்கோனும் அப்படித்தான். சாம்பல் நிற டக்ட் டேப்பும் வேண்டாம், வெயிலில் அதன் பசை இளகி வழுக்கிக்கொண்டு போகும், பிறகு அந்தப் பிசுக்கைச் சுரண்ட முடியாது.

தைக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. கிழிசலிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, நல்ல துணி என்று தோன்றும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தமாகத் தேயுங்கள். விரலில் பச்சைப் பொடி ஒட்டினாலோ, படலம் செதில் செதிலாக உதிர்ந்தாலோ, துணி வெயிலில் செத்துவிட்டது. தையல் போட்டால் ஊசி போன ஓட்டைகளோடு மறுபடி கிழியும். அப்போது மூலையைச் சரிசெய்யப் பார்க்காமல் துணியை மாற்றுங்கள்.

பொடி வரவில்லை என்றால் தைக்கலாம். ஒட்டுத் துணி அதே வகைத் தார்ப்பாயாக இருக்க வேண்டும், கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் 5 செ.மீ.யாவது போக வேண்டும். அதன் நெசவு அடித்துணியின் நெசவோடு ஒரே திசையில் இருக்கட்டும், கோணலாகப் போட்டால் இழுக்கும்போது ஒட்டு நீளும், துணி நீளாது, சுருங்கிச் சுருங்கி நிற்கும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் எழும்பும். பாலியஸ்டர் நூல். தையல் நெருக்கமாக வேண்டவே வேண்டாம். நெருங்க நெருங்கத் தபால்தலை ஓரம்போல் ஓட்டை வரிசையாகிக் கிழிந்துவிடும். கையால் என்றால் 5, 6 மி.மீ. இடைவெளி, இரண்டு வரிசை, ஒரு வரிசையின் ஓட்டைக்கு நேராக அடுத்த வரிசையின் ஓட்டை வராமல் மாற்றி மாற்றி. என் பெயரைப் பார்த்துக் கோணி ஊசியை எடுத்துவிடாதீர்கள், இந்தத் துணிக்கு அது பெரிய ஓட்டை போடும். மெல்லிய கூர்ஊசி போதும். தைத்த பிறகு, பசுமைக்குடில் படலத்துக்கென்று வரும் யுவி (வெயிலின் புற ஊதாக் கதிர்) தாங்கும் டேப் கிடைத்தால், துணியைத் துடைத்துக் காயவைத்துவிட்டு, தையல் வரிசைக்கு மேலே ஒட்டுங்கள், தண்ணீர் கசியாது.

தூண்டில்நரம்பு:
நூல் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நைலான்தான் பலம். நான் தூண்டில் நரம்பில் தைத்த கூரை இன்னும் நிற்கிறது.

பட்டறைவாசி:
நைலான் இழுவிசைக்குப் பலம்தான், யார் மறுத்தது? வெயிலில் பாலியஸ்டர் தாங்கும் அளவுக்கு நைலான் தாங்காது. நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும், தையல் தளர்ந்துவிடும். தூண்டில் நரம்பு இன்னும் மோசம். ஒற்றை இழை, வழுவழுப்பு, முடிச்சு நிற்காது, இழுபடும்போது மெல்லிய துணியை அறுக்கும்.

தூண்டில்நரம்பு:
கடலோரத்தில் வெயிலிலேயே கிடக்கிற வலையெல்லாம் நைலான்தானே? அதெல்லாம் ஒரே நாளில் அறுந்தா போகிறது?

பட்டறைவாசி:
ஒரே நாளில் என்று நான் எங்கே சொன்னேன்? வலையைக் காயவைத்து எடுத்து வைத்துவிடுகிறார்கள். கூரையை யாரும் மாலையில் மடித்து உள்ளே கொண்டுபோவதில்லை.

சூடுகாற்று:
பிவிசி என்றால் இந்த நூல் பஞ்சாயத்தே வந்திருக்காது.

மேகலை_மாடி:
மிதந்தது என்று அவர் சொன்ன பிறகும் நீங்கள் விடவில்லையே அண்ணா.

நாலுமூலை:
வெயிலில் நிற்கிற நூல் என்றால் பிடிஎஃப்இ (டெஃப்லான்) நூல் என்று ஒன்று உண்டு, வெயில் அதை ஒன்றும் செய்யாது, துணி போன பிறகும் தையல் இருக்கும். ஆனால் தார்ப்பாய்க்கு அதை வாங்குவது வீண். இந்தத் துணியே அவ்வளவு நாள் இருக்கப்போவதில்லை. பாலியஸ்டர் போதும், சண்டையை விடுங்கள்.

தூண்டில்நரம்பு:
சண்டை ஒன்றும் இல்லை. என் கூரையைப் பற்றி நான் சொல்கிறேன். அவர் தன் பட்டறையைப் பற்றிச் சொல்கிறார்.

வெயில்முற்றம்:
பொடி வரவில்லை. தைத்தாயிற்று, நிற்கிறது. கோணிஊசிக்கு நன்றி.

நாலுமூலை:
நல்லது. போல்ட் தலையை மூடினீர்களா? மூலையை உயர்த்தினீர்களா? எந்த இடத்தில் தேய்ந்தது என்று கண்டுபிடித்தீர்களா?

நாலுமூலை:
வெயில்முற்றம், இருக்கிறீர்களா?

பட்டறைவாசி:
வேலை முடிந்தது, போய்விட்டார். அடுத்த காற்றுக்கு வருவார்.

தூண்டில்நரம்பு:
வரட்டும். அப்போது நைலானில் தைக்கச் சொல்கிறேன்.