ஐபிஎஸ்: குயினோவா, பாதாம் பால் இல்லாமல் நம்ம வீட்டுச் சமையலிலேயே டயட் முடியுமா?

மாடிவீடு:
தம்பிக்கு 29 வயது. ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்), வயிற்றுப்போக்கு வகை என்று சொல்லிவிட்டார்கள். ஃபாட்மேப் குறைந்த உணவு என்று ஒரு பட்டியலும் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதில் குயினோவா, பாதாம் பால், புளூபெர்ரி என்றுதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஆறு பேர், ஒரே சமையல், சைவம். வெங்காயம், பூண்டு, பருப்பு, பால், கோதுமை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தட்டில் என்ன மிஞ்சும்? எத்தனை நாளைக்கு? அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

வெள்ளரிப்பிஞ்சு:
கோதுமையை நிறுத்துவதற்கு முன் சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை (டிடிஜி ஐஜிஏ) எடுத்தாயிற்றா என்று பாருங்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அதன் முடிவை நம்பலாம். நிறுத்திச் சில வாரம் ஆனபின் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி, காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் டயட்டைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். நம் ஊரில் குடல் காசநோயையும் விலக்கிப் பார்த்தாக வேண்டும்.

இனி பட்டியல். இது மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான முறை. ஃபாட்மேப் என்பது சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சிலவகைச் சர்க்கரைகளுக்கு வைத்த கூட்டுப்பெயர். அவை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பெருங்குடலுக்குப் போனதும் பாக்டீரியா அவற்றை நொதிக்கவைத்து வாயு உண்டாக்கும். எல்லோர் வயிற்றிலும் இது நடக்கிறது. ஐபிஎஸ் உள்ளவருக்குக் குடல் நரம்புகள் கூர்மையாக இருப்பதால், மற்றவருக்குத் தெரியாத உப்பல் இவருக்கு வலியாகத் தெரிகிறது.

மூன்று கட்டம் இருக்கிறது. நான்கு வாரம் (அதிகம் போனால் ஆறு) குறைப்பது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது, கடைசியில் தனக்கு ஒத்துவராததை மட்டும் ஒதுக்குவது. பலர் முதல் கட்டத்திலேயே வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவுக்கும் இந்தச் சர்க்கரைகள்தான் தீனி. சத்துக் குறைவும் வரும். நான்கு முதல் ஆறு வாரத்தில் கொஞ்சமும் மாற்றமில்லை என்றால் இந்த வழியை விட்டுவிடலாம், இன்னும் இறுக்கிப்பிடித்துப் பயனில்லை.

இட்லிக்குண்டான்:
தட்டு காலியாகாது, பயப்படாதீர்கள். அரிசி முழுக்க நம் பக்கம். இட்லி, தோசை, இடியாப்பம், அரிசி உப்புமா, அவல், எல்லாம் சரி. உளுந்தின் சர்க்கரையை மாவு புளிக்கும்போதே நுண்ணுயிர்கள் ஓரளவு தின்றுவிடுகின்றன. ரவை, சேமியா, மைதா மூன்றும் கோதுமையே. "சப்பாத்திதானே நிறுத்தினோம்" என்று ரவா உப்புமா சாப்பிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு.

வெங்காயம், பூண்டு: இரண்டிலும் ஃபிரக்டான், அதுவும் ஒரு ஃபாட்மேப் சர்க்கரைதான். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சாம்பாரில் முழு வெங்காயம் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டுத் தட்டில் ஒதுக்கினால் பலனில்லை, குழம்பிலேயே இறங்கியிருக்கும். பூண்டு வாசனை வேண்டுமென்றால், தண்ணீர் எதுவும் சேர்வதற்கு முன் எண்ணெயில் பல்லைப் போட்டுப் பொன்னிறமாக்கி, எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். அன்றன்றைக்குச் செய்யுங்கள். பூண்டு எண்ணெயை வெளியில் பாட்டிலில் வைத்தால் நச்சுக்கிருமி வளரும். சின்ன வெங்காயமும் வெங்காயம்தான். வெங்காயத்தாளில் பச்சைப் பகுதி மட்டும் ஆகும். இஞ்சி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, பெருங்காயம் தாராளமாக. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். சிட்டிகை அளவுக்கு ஐபிஎஸ்காரருக்குப் பரவாயில்லை, சீலியாக் என்றால் கூடாது. கடை மசாலாப் பொடிகளில் பூண்டு இருக்கிறதா என்று பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள்.

ஆறு பேர் வீட்டுக்கு எளிய வழி: புரட்டாசி விரதச் சமையல் மாதிரி குழம்பைப் பொதுவாக வைத்து, மற்றவர்களுக்கு வெங்காயம் பூண்டைத் தனியாக வதக்கிக் கடைசியில் கலந்துகொள்ளலாம்.

பருப்பு: இரவு ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வெந்த தண்ணீரையும் வடித்துவிடுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரை அதில்தான் இறங்குகிறது. வெந்த பருப்பு ஒரு வேளைக்கு இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கலாம். கொண்டைக்கடலை, ராஜ்மா, தட்டைப்பயறு இந்த நான்கு வாரமும் வேண்டாம். சைவத்தில் புரதம் குறைந்துபோகும், அதற்கு வேர்க்கடலை, கெட்டியான டோஃபு, முட்டை சாப்பிட்டால் முட்டை. முந்திரி கூடாது.

காய்: கேரட், பீன்ஸ், உருளை, வெள்ளரி, சௌசௌ, கத்திரி. காளானும் காலிஃப்ளவரும் வேண்டாம். பழத்தில் பப்பாளி, ஆரஞ்சு, அன்னாசி, பழுத்த கொய்யா சரி. வாழைப்பழம் கெட்டியாக இருக்கும்போது. கரும்புள்ளி விழுந்து கனிந்தால் ஃபிரக்டான் கூடிவிடும். மாம்பழம், ஆப்பிள், தர்பூசணி, பேரீச்சை, தேன் ஒதுக்குங்கள்.

பனைவெல்லம்:
இவ்வளவும் முதல் நாளிலிருந்தே தேவையா? பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2008 வழிகாட்டுதலே எளிய விஷயங்களைத்தான் முதலில் சொல்கிறது: நேரத்துக்குச் சாப்பிடு, அவசரமாக விழுங்காதே, காபி டீ மூன்று கோப்பைக்கு மேல் வேண்டாம், சோடா குறை, பழம் நாளுக்கு மூன்று பங்கு (ஒன்று 80 கிராம்) போதும். 2015ல் சுவீடனில் 75 பேரை இரண்டாகப் பிரித்து நான்கு வாரம் பார்த்தார்கள். ஃபாட்மேப் குறைத்த குழுவில் பாதிப் பேருக்கும், இப்படி எளிய மாற்றம் செய்த குழுவில் 46 சதவீதம் பேருக்கும் வயிற்றுத் தொல்லை குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு வாரம் இதைச் செய்துபார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

நார்ச்சத்துக்கு என்று கோதுமைத் தவிடு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், உப்பலைக் கூட்டும். இசப்கோல் நல்லது: ஒரு தேக்கரண்டி, ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும், ஒரு வாரம் பொறுத்து இரண்டாக்கலாம். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மாடிவீடு:
மிக்க நன்றி. ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்று, இல்லை என்று வந்தது. முதலில் பனைவெல்லம் சொன்னபடி இரண்டு வாரம் பார்க்கிறோம். மூன்று சந்தேகம்: ரசம், தயிர், ஃபில்டர் காபி. பழைய சோறு வயிற்றுக்கு நல்லது என்று அம்மா தினமும் காலையில் கொடுக்கிறார், அது?

இட்லிக்குண்டான்:
ரசம்: பருப்புத் தண்ணீர் விட்ட ரசம்தான் இருப்பதிலேயே மோசம், மேலே சொன்ன சர்க்கரை அத்தனையும் அந்தத் தண்ணீரில் இருக்கிறது. புளி, மிளகு, சீரகம், ஒரு சின்னத் தக்காளி போட்டு வைக்கலாம். காரம் ஃபாட்மேப் இல்லை, ஆனால் வயிற்றுப்போக்கு வகைக்கு மிளகாய் தனியாகவே தூண்டும். பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

தயிர்: நன்றாகப் புளித்ததில் லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) கொஞ்சம் குறைவு, அடியோடு இல்லாமல் போகாது. இரண்டு மேசைக்கரண்டியை நீர்மோராக்கி ஒரு வேளை மட்டும். நெய் பிரச்சினை இல்லை.

காபி: பால் ஒரு பக்கம், சிக்கரி இன்னொரு பக்கம். சிக்கரி வேரில் இருக்கும் இனுலினும் ஒரு ஃபிரக்டான்தான். வறுக்கும்போது ஓரளவு சிதையும், ஆனாலும் இந்த வாரங்களில் சிக்கரி கலக்காத தூளும் லாக்டோஸ் நீக்கிய பாலும் வாங்குங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம்.

பழைய சோறு: ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடும். அது பலருக்கு நல்லது, உப்பல் உள்ளவருக்குச் சில சமயம் தொல்லை. அம்மாவோடு சண்டை வேண்டாம். ஒரு வாரம் நிறுத்தி, ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள்.

வெள்ளரிப்பிஞ்சு:
திரும்பச் சேர்க்கும் கட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் குழப்பம். ஒரு சமயத்தில் ஒரு பொருள். பால் என்றால் முதல் நாள் கால் கப், மறுநாள் அரை, மூன்றாம் நாள் ஒன்று. வலி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி, அடுத்த பொருள். அதுவரை மற்ற உணவு குறைத்தபடியே இருக்க வேண்டும், பால் ஒத்துக்கொண்டதே என்று மறுநாளே காபியில் ஊற்றத் தொடங்கினால் அடுத்த சோதனை கெட்டுப்போகும். வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃபிரக்டான் இருந்தாலும் மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள். கோதுமை ஒத்துக்கொண்டு வெங்காயம் மட்டும் படுத்துபவர்கள் நிறைய. வெங்காயத்தை ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள், எடுத்தவுடன் வெங்காயப் பச்சடி வேண்டாம். தூக்கம் கெட்ட நாள், பயண நாள், விருந்துக்குப் போகிற நாளில் சோதனை வைக்காதீர்கள். அன்றைக்கு வலித்தால் எதனால் என்று சொல்ல முடியாது.