பொருள்: சர்வர்லெஸ் ஃபங்ஷனுக்கு ‘வழங்கியில்லாச் செயற்கூறு’ பொருந்துமா?

டர்பனிலிருந்து:

வணக்கம். அமேசானின் லாம்டா சேவையில் நம் நிரலைக் கொடுத்தால் போதும், அதை ஓட்டும் வழங்கியை (சர்வர்) அமேசானே பேணும். அப்படி ஓடும் நிரல்தான் சர்வர்லெஸ் ஃபங்ஷன். அந்த லாம்டாவுக்கான கையேட்டின் தமிழ் வரைவு இந்த ஒரு சொல்லில் இடறுகிறது. ‘வழங்கியில்லாச் செயற்கூறு’ என்று எழுதிய கையோடு, ‘இதற்கு 128 முதல் 10,240 எம்பி வரை நினைவகம் ஒதுக்கலாம்’ என்கிறோம். வழங்கியே இல்லையென்றால் அந்த நினைவகம் எங்கே இருக்கிறது என்று படிப்பவர் கேட்பார். வழங்கி இருக்கிறது, அதைப் பேணும் பாடுதான் நமக்கில்லை. ‘ஏவற்செயல்’ என்று மாற்றலாமா? ஏவினால் ஓடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அண்ணா, ‘ஏவல்’ என்று காதில் விழுந்தாலே பாட்டிமார் எலுமிச்சம்பழம் தேடுவார்கள். பில்லி சூனியத்தோடு ஒட்டிக்கொண்ட சொல். அதுவும் போக, எந்த ஃபங்ஷனும் கூப்பிட்டால்தானே ஓடும்? இங்கே புதுமை வேறு: கோரிக்கை வந்ததும் நிரல் ஓடுவதற்கான சூழல் எழுகிறது, சும்மா கிடந்தால் கலைக்கப்படுகிறது, ஓர் ஓட்டத்துக்கு 15 நிமிடமே உச்சம். ‘விழிசெயல்’ எப்படி? ஊறுகாய் போல வினைத்தொகை. ஒற்றுச் சிக்கல் இல்லை. வார இறுதி வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளைகளும் தப்பாமல் எழுதலாம்.

அந்தச் சூழல் புதிதாக எழும்போது நேரும் தாமதமான ‘கோல்ட் ஸ்டார்ட்’டும் இதிலேயே அடங்கும். ‘குளிர்த் தொடக்கம்’ என்றால் ஜூலையில் ஜொகன்னஸ்பர்க்கில் கார் கிளப்புகிற நினைப்புத்தான் வருகிறது. ‘முதல்விழிப்பு’ எனலாம்.

கேப் டவுனிலிருந்து:

விழிசெயல் நன்று. முதல்விழிப்பு தவறு, அக்கா. இயல்பான அமைப்பில் ஒரு சூழல் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். அது முடியுமுன் அடுத்தது வந்தால் இன்னொரு சூழல் எழவேண்டும். ஆகவே நூறாவது கோரிக்கையும் அந்தத் தாமதத்தில் மாட்டலாம். ‘புதுவிழிப்பு’ என்றால் பிசகாது.

வரைவில் ‘கொள்கலனை ஏற்றுக’ என்று இருப்பதையும் திருத்துங்கள். ஏற்றுவது படிமம் (இமேஜ், அதாவது நிரலும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய பொதி), அது ஓடும்போதுதான் கொள்கலன் (கன்டெய்னர்). துறைமுகத்தைப் பார்த்தபடியே எழுதினீர்களோ! சொற்கள் தாங்குகின்றனவா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“லாம்டாவுக்கான பைத்தான் அடிப்படைப் படிமத்திலிருந்து தொடங்குக. முதலில் நிரலுக்குத் தேவையான சார்புத் தொகுப்புகளை நிறுவி, பிறகு நிரலைப் படியெடுக்க. வரிசையை மாற்றினால் ஒரு வரித் திருத்தத்துக்கும் எல்லாத் தொகுப்புகளும் மறுபடி நிறுவப்படும். படிமத்தைக் கட்டும் கட்டளைகள் அடங்கிய டாக்கர்ஃபைலின் கடைசி வரியில் நிரல் கோப்பின் பெயர், புள்ளி, கோரிக்கையை வாங்கும் கையாளியின் பெயர். படிமம் 10 ஜிபி வரை இருக்கலாம். ஜிப்பாக அனுப்பினால் விரித்த அளவு 250 எம்பிக்கு மேல் கூடாது. விழிசெயல் அமேசானின் கேப் டவுன் வட்டாரத்தில் (ரீஜன்) என்றால் படிமமும் அதே வட்டாரத்து இசிஆர் என்னும் படிமக் களஞ்சியத்தில் இருக்கவேண்டும். அந்த வட்டாரம் கணக்கில் தானாகத் திறந்திருக்காது, முதலில் இயக்கிக்கொள்க.”

டர்பனிலிருந்து:

பத்தி தாங்குகிறது. பிழைகளையும் சேர்க்கிறேன். ஆர்ம் சில்லு மேக்கில் கட்டிய படிமத்தை எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சில்லு வகை) விழிசெயலுக்குக் கொடுத்தால் ‘எக்செக் ஃபார்மட் எரர்’ வரும். கட்டும்போதே ‘பிளாட்ஃபார்ம்’ தெரிவில் லினக்ஸ், ஏஎம்டி64 என்று குறிக்கவேண்டும். டாக்கரின் கட்டும் கருவியான பில்டெக்ஸ் தானாக ஒட்டும் ‘ப்ராவனன்ஸ்’ குறிப்பை (படிமம் எப்படிக் கட்டப்பட்டது என்னும் பதிவு) அணைக்காவிட்டால், மேனிஃபெஸ்ட் (படிமத்தின் உள்ளடக்கப் பட்டியல்) வகை பொருந்தவில்லை என்று லாம்டா படிமத்தைத் தள்ளிவிடும். ஓடும் விழிசெயல் இயல்பாக ‘டிஎம்பி’ அடைவு தவிர வேறெங்கும் கோப்பு எழுத முடியாது.

அதிகம் பேர் ஏமாறுவது வேறிடத்தில். திருத்திய படிமத்தை அதே ‘லேட்டஸ்ட்’ ஒட்டுப்பெயரில் (டேக்) களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டு, பழைய நிரலே ஓடுகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். லாம்டா ஒட்டுப்பெயரைப் பின்தொடர்வதில்லை. களமிறக்கிய நேரத்தில் அது சுட்டிய படிமத்தின் டைஜஸ்டை (அந்தப் படிமத்துக்கே உரிய அடையாளக் குறி) பிடித்துக்கொள்கிறது. நிரலைப் புதுப்பிக்கும் கட்டளையைத் தனியாகக் கொடுக்கவேண்டும். புஷ், டிப்ளாய் இரண்டையும் வரைவில் ‘ஏற்றல்’ என்றே எழுதிய குற்றம் என்னுடையது. களஞ்சியத்துக்கு ஏற்றல், விழிசெயலுக்குக் களமிறக்கல் என்று பிரிக்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

பிரித்தது சரி. ஃபங்ஷனை அழைத்து ஓட்டும் ‘இன்வோக்’குக்கு மட்டும் ‘ஏவு’ இருக்கட்டும், அண்ணா. ஏவுகணைக்கு யாரும் எலுமிச்சம்பழம் தேடுவதில்லை. ‘சர்வர்லெஸ்’ தனியாக அடைமொழியாய் வரும் இடங்கள் இன்னும் மிச்சம். ‘வழங்கிபேணா’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு ஒத்துழைக்கவில்லை. வேறு யாராவது சொல்லுங்கள்.