மறுமொழி: எக்ஸ்போஷர் – 'வெளிப்பாடு' வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். புகை, வெயில் போன்றவை ஆள்மேல் படுவதைக் குறிக்கும் 'எக்ஸ்போஷர்' (exposure) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'வெளிப்பாடு' வேண்டாம் என்ற என் கருத்துக்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> 'வெளிப்பாடு' பாடநூல்வரை வந்துவிட்டது. இனி எதற்கு மாற்ற வேண்டும்?

ஐயா, அச்சுக்கு என்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். இது காணொளி. ஹேபின் (HAPIN) என்ற ஆய்வைப் பற்றிய 4 நிமிடப் படத்துக்குத் தமிழ்க் குரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எமரி பல்கலைக்கழகம், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா முதலிய நிறுவனங்கள் சேர்ந்து இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய 4 நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடத்திய அடுப்புப் புகை ஆய்வு அது. நம் பக்கம் விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரத்து ஊர்கள்.

'பெண்களின் புகை வெளிப்பாடு குறைந்தது' என்ற வரியை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "புகை அடுப்புலேருந்துதானே வருது, அவங்ககிட்டேருந்தா வருது?" என்று கேட்டார் அத்தை. பாதி ஆயுள் விறகடுப்பு ஊதியவர், அவருக்குத் தெரியாதா?

உள்ளே இருப்பது வெளியே வந்தால்தான் வெளிப்பாடு. இங்கே வெளியே இருப்பது ஆள்மேல் வந்து படுகிறது. திசையே தலைகீழ். அடுப்பு கக்குவது உமிழ்வு, சமையலறைக் காற்றில் நிற்பது செறிவு. உலையை ஏற்றிவிட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் உமிழ்வும் குறையாது, அறையின் செறிவும் குறையாது. அந்தப் பெண்மேல் படுவது மட்டும் குறையும். அதனால்தான் ஹேபின் ஆய்வாளர்கள் அறையில் கருவி வைத்ததோடு விடாமல், மூச்சு விடும் இடத்துக்குப் பக்கத்தில், உடுப்பிலேயே சின்னக் கருவியை மாட்டி 24 மணி நேரம் அளந்தார்கள். வழக்கமான அடுப்பில் சமைத்தவர்களுக்கு மேல் பட்ட புகை நுண்துகளின் இடைநிலை அளவு கனமீட்டருக்கு ஏறக்குறைய 70 மைக்ரோகிராம். ஆய்வுக்காக எரிவாயு அடுப்பு கொடுக்கப்பட்டவர்களுக்கு 24. இவ்வளவு குறைந்தும் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது 2022இல் வந்த முடிவு. இந்த இடத்தில் 'வெளிப்பாடு' என்று சொன்னால், ஏதோ அடுப்பைச் சோதித்த கதை என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

> 'ஆட்படல்' ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, அம்மா. ஆனால் ஆசைக்கு ஆட்படுவது, பிறர் பிடிக்கு ஆட்படுவது என்று அதில் ஓர் அடிமை வாடை வீசுகிறது. எக்ஸ்போஷர் கெட்டதாகவே இருக்க வேண்டும் என்பதில்லையே. பிள்ளைமேல் காலை வெயில் படட்டும் என்கிறோம். பிள்ளையை வெயிலுக்கு ஆட்படுத்துங்கள் என்று எந்தப் பாட்டியாவது சொல்வாரா?

வெயில் படுகிறது, காற்றுப் படுகிறது, கண் படுகிறது. 'படு' நம் வாயிலேயே இருக்கும் சொல். அதிலிருந்து பெயர்ச்சொல் செய்வதில்தான் தகராறு. 'படுகை' என்றால் காவிரி வந்துவிடும். 'புகைபடல்' எழுத்தில் அழகுதான், ஆனால் ஒலிப்பதிவுத் தம்பி அதைப் புகைப்படம் என்றே காதில் வாங்கினார்.

என் பரிந்துரை: நிகழ்வுக்குப் 'படுதல்', அளவுக்குப் 'படுமளவு'. புகைப் படுமளவு, இரைச்சல் படுமளவு, கதிர்ப் படுமளவு, தனியாள் படுமளவு எல்லாவற்றுக்கும் ஒத்துவருகிறது. இன்னொரு லாபமும் உண்டு. படப்பிடிப்பின்போது ஒளிப்பதிவாளர் "எக்ஸ்போஷர் கொஞ்சம் ஏத்தவா சார்?" என்றார். அதுவும் ஒளியின் படுமளவுதானே!

உடலுக்குள் போய்ச் சேரும் அளவு வேறு சங்கதி, அதற்குத் தனி இழை தொடங்கலாம். இப்போது அதையும் இழுத்தால் இது முடியாது.

குரலில் 'அவர்கள்மேல் படும் புகை' என்றே சொல்லிவிடுவேன், அங்கே புதுச்சொல்லே தேவையில்லை. வரைபடத்தின் ஓரத்தில் போட ஒற்றைச் சொல் வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும். வியாழக்கிழமை படத்தொகுப்பு. 'படுமளவு' யாருக்காவது உறுத்தினால் அதற்குள் எழுதுங்கள்.