பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்குப் போகும் முன்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியவை

நான்: அக்கா, அடுத்த மாதம் விடுமுறைக்கு நியூ ஜெர்சியிலிருந்து வரும்போது பிள்ளைகள் இருவரையும் பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம் என்று இருக்கிறோம். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு இன்னும் இரண்டு முடியவில்லை. இருவருக்கும் ஒரே இடம் சரிப்பட்டு வருமா? அப்பாவும் அம்மாவும் உங்களோடு அண்மையில் போய் வந்தார்கள் அல்லவா, எல்லோரும் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

அக்கா: தாராளமாக வாருங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்றே அங்கே தனிக்கூடம் இருக்கிறது. ஓடும் பெரிய பிள்ளைகள் இடிப்பார்களோ என்ற பயமில்லாமல் சின்னவள் தவழலாம், ஏறலாம், உருட்டலாம். பெரியவனோடு ஒருவர், சின்னவளோடு ஒருவர் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் நூலகத்தில் அருங்காட்சியகப் பாஸ் தருகிறார்கள், கட்டணம் குறையும். நீங்கள் வரும் தேதி உறுதியானதும் சொல், என் நூலக அட்டையில் பதிவு செய்துவிடுகிறேன். நாங்களும் கூடவே வருவோம்.

அத்தான்: காரில் வர வேண்டாம். அந்தப் பகுதியில் வண்டி நிறுத்தும் செலவு நுழைவுச் சீட்டையே மிஞ்சிவிடும். எங்கள் ஊரான குவின்சியிலிருந்து ரெட் லைன் என்ற நகர ரயிலில் சவுத் ஸ்டேஷனில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான் நடை. காங்கிரஸ் தெருப் பாலத்தைத் தாண்டியதும் 40 அடி உயரத்தில் ஒரு பால் புட்டி நிற்கும். 1930களில் ஐஸ்கிரீம் கடையாகக் கட்டிய அந்தப் புட்டியை 1977இல் படகில் ஏற்றி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அதன் பின்னால் உள்ள செங்கல் கட்டடம்தான் அருங்காட்சியகம், முன்பு கம்பளிக் கிடங்காக இருந்தது. 1773இல் பிரிட்டிஷ் வரியை எதிர்த்து பாஸ்டன் மக்கள் தேயிலையைக் கடலில் கொட்டிய நிகழ்வுக்கான கப்பல் காட்சியும் அதே பாலத்தருகே இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று மட்டும் திட்டமிடாதே, பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள்.

நான்: நன்றி அத்தான். அப்பா, நீங்கள் இத்தனை வருடம் இயற்பியல் நடத்தியவர். உங்களுக்கு அங்கே எது பிடித்தது?

அப்பா: சோப்புக் குமிழிக் கூடம். உன் அக்கா மகள் முக்கோணச் சட்டம் ஒன்றை எடுத்து, "தாத்தா, இதில் ஊதினால் முக்கோணக் குமிழி வரும், பாருங்கள்" என்று சொல்லிவிட்டு ஊதினாள். உருண்டைதான் வந்தது. அவள் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரைசல் சரியில்லையோ என்று மீண்டும் முக்கினாள். பிறகு சதுரச் சட்டத்தை எடுத்தாள். அதிலும் உருண்டை. பரப்பு இழுவிசை என்று என் நுனிநாக்கு வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். குறிப்பிட்ட அளவு காற்றை மிகக் குறைந்த பரப்புக்குள் அடக்கும் வடிவம் கோளம் என்பதை நான் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த கூடத்துக்கு ஓடியிருப்பாள். சொல்லாததால்தான் மேசைமேல் குமிழிகளை ஒட்ட வைத்து, "எப்போதும் மூன்று சுவர்தான் ஒரே இடத்தில் சேருகிறது" என்று அவளே கண்டு சொன்னாள். அந்தச் சுவர்கள் 120 பாகையில் சேரும் என்பதை அவள் உயர்வகுப்பில் படித்துக்கொள்ளட்டும். உன் மகனிடமும் நீ விளக்கம் சொல்லத் தொடங்காதே. "அடுத்து எதை மாற்றிப் பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டால் போதும்.

நான்: அவன் எதையும் படிக்கச் சொன்னால் ஒதுங்கிவிடுவான் அப்பா. அங்கே நிறையப் பலகைகளை வாசிக்க வேண்டியிருக்குமா என்பதே என் கவலை.

அப்பா: அந்தக் கவலையே வேண்டாம். 1899இல் புரூக்ளினில் உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் தோன்றிய பிறகு, 1913இல் அறிவியல் ஆசிரியர்கள் தொடங்கியது இது. நெடுங்காலம் இங்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டும் வழக்கமே இருந்தது. 1962இல் இயக்குநராக வந்த மைக்கேல் ஸ்போக், புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக்கின் மகன், வாசிப்பதில் தாமே சிறு வயதில் சிரமப்பட்டவர். அவர் அன்றாடப் பொருள்களைக் குறுக்கே வெட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டினார், பெட்டிகளை அகற்றினார், தொடுங்கள் என்றார். இன்று உலகம் முழுவதும் உள்ள இத்தகைய இடங்கள் பலவும் அந்த வழியில்தான் வந்தன. எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் குழந்தைக்கும் அறிவு கையின் வழியே போய்ச் சேரும் என்பதை ஆசிரியனாக இருந்த நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா: எனக்கு அந்த ஜப்பான் வீடுதான் கண்ணிலேயே நிற்கிறது. பாஸ்டனும் ஜப்பானின் கியோட்டோவும் 1959 முதல் சகோதர நகரங்களாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்த வீட்டைக் கியோட்டோ மக்கள் பரிசாகக் கொடுத்து, அங்கிருந்து தச்சர்களும் வந்து இங்கே மறுபடி பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் நம் பழைய வீட்டைப் போலத் தெருப்பக்கம் குறுகலாகவும் உள்ளே போகப் போக நீளமாகவும் கட்டுவதுதான் அந்த ஊர் வழக்கமாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு படி ஏறித்தான் பாய் விரித்த அறைக்குப் போக வேண்டும். ஷூவோடே வீட்டுக்குள் நடந்து பழகிய ஒரு குழந்தை வாசலில் தயங்கி நின்றபோது, நம் பேத்தி தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக் காட்டி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். காகிதம் ஒட்டிய கதவுகளை மெதுவாக நகர்த்த வேண்டும், பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பு.

அக்கா: மூன்று மாடி உயரத்துக்கு வளைந்த பலகைகளை அடுக்கி, சுற்றிலும் கம்பி வலை பின்னிய ஏறுகூண்டு ஒன்றும் இருக்கிறது. டாம் லக்கி என்பவர் வடிவமைத்தது. விபத்தில் அவர் உடல் செயலிழந்தபின் மகன் ஸ்பென்சரின் துணையோடு அதை முடித்தார். பெரியவன் அதில் ஏறினால் வெளியே வர நேரமாகும். உச்சியில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டாலும் நீங்கள் பதறி உள்ளே நுழைய வேண்டாம், கீழே நின்று எந்தப் பலகை அருகில் இருக்கிறது என்று சொன்னாலே இறங்கிவிடுவான்.

நான்: ஒரே நாளில் எல்லாக் கூடங்களையும் பார்க்க முடியுமா?

அக்கா: எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதே. கட்டணம் கொடுத்துவிட்டோமே என்று பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடி மாடியாக ஓடும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. குமிழி, ஜப்பான் வீடு, ஏறுகூண்டு ஆகிய மூன்றே போதும். இன்னும் தெம்பிருந்தால் கோல்ஃப் பந்து உருளும் தடங்களுக்குப் போகலாம். மாற்றுத் துணி இரண்டு செட் எடுத்து வா, குமிழிக் கூடத்தில் சட்டைக்கை முழங்கை வரை நனையும். ஸ்ட்ரோலரும் வேண்டும்.

அம்மா: மதியத்துக்கு நான் தயிர் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டித் தருகிறேன். கூட்டத்தில் வரிசையில் நின்று வாங்குவதற்குள் சின்னவள் அழுதுவிடுவாள்.

நான்: சரி அம்மா. அக்கா, பன்னிரண்டாம் தேதி வருகிறோம், அந்தத் தேதிக்குப் பாஸ் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அக்கா: கிடைத்தது, பதிவு செய்துவிட்டேன். காலை முதல் நேரத்துக்கே சீட்டு எடுத்துவிடலாம், கூட்டம் சேருவதற்குள் குமிழிக் கூடத்தை முடித்துவிடுவோம்.